பொன்மணியின் காலில் என்ன பார்த்தீர்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.6.2024

டாக்டர் வெங்கடேஸ்வரி அவர்களுக்கு,

ஹெட் கான்ஸ்டபிள் பொன்மணி எழுதுதேன். போன வாரம் ராஜபாளையத்துல உங்க லேபுல வச்சு, என் இடது காலுல முட்டிக்குக் கீழ ஊசி குத்தி உறிஞ்சி எடுத்தீங்க. மதுரை எலும்பு டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ராஜபாளையத்துல ஒரு அம்மா இருக்காங்க, ஊசியில வந்ததை வச்சே எலும்புக் கட்டி எந்த மாதிரின்னு சொல்லிருவாங்க"ன்னார். பேரைச் சொல்லல. சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன். படுத்த பொறவுதான் தெரிஞ்சுது, எங்க அண்ணன் தங்கப்பாண்டியனோட பதினோரு வருசம் வாழ்ந்துட்டு, இந்த ஊரு கோர்ட்டுல தீர்த்துட்டுப் போன அதே ஆளுன்னு.

நீங்களும் என்னைக் கண்டுக்கிட்டீங்க. "காலை ஆட்டாதீங்க"ன்னு மட்டும் சொன்னீங்க. என்னை 'ங்க' போட்டுப் பேசினது அதுதான் மொத தடவை.

ரிப்போர்ட் வந்துருச்சு. 'ஜெயண்ட் செல்'னு ஏதோ போட்டிருக்கு. மதுரையில 27-ம் தேதி ஆபரேசனுக்கு நாள் குறிச்சிட்டாவ. எலும்பைச் சுரண்டி எடுத்துட்டு உள்ள சிமெண்டு மாதிரி வச்சு அடைக்கணுமாம். பத்தலன்னா முட்டியையே எடுத்துட்டு ஸ்டீல் வைப்பாவளாம். புற்றான்னு கேட்டா, "அப்படிச் சொல்ல முடியாது, ஆனா விட்டா எலும்பைத் தின்னுரும்"ங்கிறார். வரிசையில எனக்குப் பின்னால இன்னும் முப்பது பேரு. மேல கேக்க முடியல.

எங்க வேலையில ஒருத்தனைப் பிடிச்சாந்தா, எங்க வச்சுப் பிடிச்சே, பிடிக்கும்போது என்ன செஞ்சுக்கிட்டிருந்தான், இவன்தான்னு எப்படித் தெரியும்னு கேள்வி வரும். நானும் அதைத்தான் கேக்குதேன். என் காலுக்குள்ள இருந்து என்னத்தைப் பிடிச்சீங்க?

உங்க நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கேன். அதை எடுக்க மனசு வரல. பேசினா சண்டை வரும். அதான் எழுதுதேன்.

பொன்மணி


ராஜபாளையம்
13.6.2024

பொன்மணிக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன். அன்று 'ங்க' போட்டது மரியாதைக்கு இல்லை. ஊசி போடுகிற நேரத்தில் நீ எனக்கு யாரோ ஒரு நோயாளியாக இருக்க வேண்டும் என்றுதான்.

இத்தனை வருடத்தில் எந்த நோயாளியும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பெரும்பாலும் எனக்கு வருவது ஸ்லைடும் ஒரு சீட்டும்தான். என்னிடமிருந்து போவது நாலு வரி. அதனால் உன் கடிதத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

உன் கால் எலும்பு, கட்டி இருக்கிற இடத்தில் முட்டை ஓடு மாதிரி மெலிந்திருந்தது. அதனால் ஊசி சுலபமாக உள்ளே போய்விட்டது. வந்தது ரத்தம் கலந்த இரண்டு சொட்டு. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் மெல்லிசாக இழுத்துவிடுவோம். அதுதான் ஸ்மியர். சிலதைக் காற்றில் காயவிட்டு, சிலதை ஸ்பிரிட்டில் போட்டு, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம்.

பார்த்தால், நிறையப் பெரிய செல்கள், ரிப்போர்ட்டில் 'ஜெயண்ட் செல்' என்று இருப்பது இவைதான். சாதாரண செல்லுக்கு உட்கரு ஒன்றுதான் இருக்கும். இவற்றுக்கு ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து, தட்டில் கொட்டிய பட்டாணி மாதிரி. சுற்றிலும் ஒல்லியான நீள செல்கள். புற்றுநோய் என்று சொல்லும்படியான செல் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தப் பெரிய செல்கள் ஒரே ஒரு நோயில் மட்டும் வருபவை இல்லை. மதுரை டாக்டர் நினைக்கிற கட்டியில் உட்கருக்கள் இன்னும் கூடுதலாக, சில சமயம் ஐம்பதுக்கும் மேலே இருக்கும். உன்னுடையதில் குறைவு. பழைய ரத்தக் கசிவின் பழுப்புத் துகள்களும் அங்கங்கே கிடந்தன. இன்னொன்று, கட்டியைத் தாண்டி ஊசி முனை பட்ட இடத்திலும் எலும்பு மெத்தென்று இருந்தது. அதனால்தான் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ரத்தத்தில் கால்சியம் பார்க்கவும் என்று எழுதினேன். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற பரிசோதனைகளில் அது இருக்காது. எடுத்தார்களா?

நான் சிலது கேட்கிறேன், பதில் எழுது. சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா? தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா, ராத்திரி எழுந்து எழுந்து போகிறாயா? மலச்சிக்கல் உண்டா? காரணமே இல்லாமல் அசதி? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? அதுவரை அந்தக் காலில் பாரம் கொடுக்காதே. ஒரு கம்பு வைத்துக்கொள்.

வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.6.2024

டாக்டர் அம்மாவுக்கு,

உங்க கடுதாசியை அண்ணன் பாத்துருச்சு. கவர்ல எழுத்தைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருச்சு. "ஏட்டி, இவ எதுக்கு உனக்கு எழுதுதா?"ன்னு சத்தம். நான் விசயத்தைச் சொன்னேன். "ஆபரேசனைத் தள்ளிப்போட வைக்கா. காலு கெட்டுப் போவட்டும்னு நினைக்கா. கோர்ட்டுல நீ அவளுக்கு எதிரா சாட்சி சொன்னல்லா, அதுக்குப் பழி வாங்குதா"ன்னுச்சு. எனக்கும் அந்த எண்ணம் வராம இல்ல. மறைக்காம சொல்லுதேன்.

ஆனா ஒரு சங்கதி உறுத்துது. நீங்க கேட்ட அம்புட்டுக்கும் பதில் ஆமாங்கிறதுதான். போன வருசம் கல்லு வந்து உசுரு போற மாதிரி வலி, ஜி.எச்.ல ரெண்டு நாள் கிடந்தேன். பங்குனிப் பொங்கல் பந்தோபஸ்துல நின்னப்ப மறுபடியும் வந்துச்சு. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன், வெயிலுக்குன்னு நினைச்சேன். வயித்துச் சங்கதியும் நீங்க சொன்னதுதான். அசதியைச் சொல்லவே வேண்டாம், இப்ப கோர்ட்டு டூட்டி, வராந்தாவுல நின்னமேனிக்குத் தூங்குதேன். மெடிக்கல்ல கால் வலிக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தாவ, ரெண்டு மாசமா தின்னுக்கிட்டிருக்கேன்.

இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா? எங்க வீட்டுச் சங்கதியை அங்க வந்து சொல்லுதது யாரு? யாரும் சொல்லலன்னா, ரெண்டு சொட்டு ரத்தத்தைப் பாத்துட்டு எனக்குக் கல்லு வந்ததை எப்படிக் கேட்டீங்க?

இதுக்கு விளக்கம் வேணும். புரிஞ்சா மேக்கொண்டு யோசிப்பேன். புரியலன்னா 27-ம் தேதி மதுரைக்குப் போயிருவேன்.

பொன்மணி


ராஜபாளையம்
18.6.2024

பொன்மணி,

முதலில் அந்தக் கால்சியம் மாத்திரையை நிறுத்து. இன்றைக்கே. தண்ணீரைக் குறைக்காதே, குடி.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

அந்தப் பெரிய செல்கள் வெளியாட்கள் இல்லை. எல்லார் எலும்பிலும் பழைய எலும்பைக் கரைக்கிற செல்கள் உண்டு, புதிதைக் கட்டுகிற செல்களும் உண்டு. கரைக்கிற கூட்டம்தான் இது. உன் காலில் ஓரிடத்தில் அளவுக்கு மீறிக் கூடிவிட்டது. நான் ஸ்மியரில் பார்த்தது அந்தக் கூட்டத்தை. அதைக் கூட்டிவந்தது யார் என்பதுதான் கேள்வி. மதுரை டாக்டர் நினைக்கிற நோயில், கூப்பிட்டவன் அந்த எலும்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அப்போது சுரண்டுவதுதான் சரி. ஆனால் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு என்று நாலு பொடிச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது அவைதான். அதில் ஒன்று கெட்டுப்போனால், எலும்பைக் கரை, கால்சியத்தை ரத்தத்துக்கு அனுப்பு என்று ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். கரைந்து வருகிற கால்சியம் சிறுநீரகத்தில் கல்லாகும். தாகம், மலச்சிக்கல், அசதி எல்லாம் அதோடு வரும். அதனால்தான் கேட்டேன்.

இரண்டு நோயிலும் ஸ்மியர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். செல்லை மட்டும் பார்த்து இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ரத்தம்தான் சொல்லும். கழுத்தில் இருப்பவனை விட்டுவிட்டுக் காலைச் சுரண்டினால், அவன் நாளைக்கு இடுப்பில் ஓட்டை போடுவான், தோளில் போடுவான்.

என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம். கால்சியம் சரியாக இருந்தால் அதே தேதிக்கு ஆபரேஷன் செய்துகொள். மதுரை டாக்டரிடம் பேசிவிட்டேன். "நல்ல சந்தேகம் மேடம், ரிசல்ட் வரட்டும், காத்திருக்கிறேன்" என்றார். என் லேபில் எடுக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்கு நம்பிக்கையான இடத்தில் எடு.

பழியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பழி வாங்க நினைத்திருந்தால் நான் பேசாமல் இருந்தாலே போதும். ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், அதற்கு மேல் என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

கோர்ட்டில் என் மனசைக் கல் என்றாய். கல் இருந்தது உன் சிறுநீரகத்தில். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னித்துக்கொள்.

வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.6.2024

மதினிக்கு,

கால்சியம் 12.9. பத்தரைக்குள்ள இருக்கணுமாம்ல.

அண்ணனுக்குத் தெரியாமப் போனேன். கோர்ட்டு மதியச் சாப்பாட்டுக்கு எந்திரிச்ச நேரம், யூனிபார்மோடயே போயி ரத்தம் கொடுத்தேன். லேபுக்காரப் பையன் மெசின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு மறுபடியும் எடுத்தான். மறுபடியும் அதேதான். "அக்கா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"ன்னு கேட்டான்.

மதுரைக்குப் போன் பண்ணினேன். 27-ம் தேதி வேண்டாம்னுட்டாவ. அண்ணன்கிட்ட சீட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. வண்டியை எடுத்துக்கிட்டு வெளிய போயிருச்சு.

கல்லைப் பத்தி எழுதியிருந்தீங்கள்லா. கோவம் வந்துச்சு. பொறவு ராத்திரி சோறு தின்னும்போது நானும் சிரிச்சிட்டேன், புரை ஏறிருச்சு.

இப்ப என்ன செய்ய?

பொன்மணி


ராஜபாளையம்
23.6.2024

பொன்மணி,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். லேபில் வேலை பார்க்கிற மாரிசெல்வம், "என்ன மேடம், நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, உன் ரத்தம் கெட்டுக் கிடப்பதற்கா சந்தோஷப்படுகிறேன் என்று. ஆனாலும் ஒரு ஸ்மியர் மனசில் கிடந்து உறுத்தி, கடைசியில் பிடி கிடைத்தால் வருகிற சந்தோஷம் அது. உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. நீயும் அந்த ஜாதிதான்.

அடுத்து பாராதைராய்டு ஹார்மோன் பார்க்க வேண்டும். ரத்தத்தை மதுரையிலேயே கொடு. அது கூடுதலாக இருந்தால் கழுத்தில் ஸ்கேன் எடுத்து எந்தச் சுரப்பி என்று பார்ப்பார்கள். கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்காதே, உன் கைக்கு அகப்படாது. நாள் கடத்தாதே. வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மதுரைக்குத் தனியாகப் போகாதே, உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ.

வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.7.2024

மதினிக்கு,

கழுத்து ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டேன். தையல் இருக்கு. பேசினா வலிக்கு, அதனால எழுதுதேன். இதுவரைக்கும் எதுக்கு எழுதினேன்னு கேக்காதீங்க.

ஹார்மோன் பத்து மடங்கு இருந்துச்சாம். ஸ்கேன்ல இடது பக்கம் கீழ ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. எடுத்த பொறவு ஒரு டப்பாவுல போட்டுக் காட்டினாவ. மொச்சைக்கொட்டை அம்புட்டுத்தான் இருக்கு. இந்த முட்டியிலருந்து அந்தக் கழுத்து எம்புட்டுத் தூரம்! இம்புட்டூண்டு இருந்துக்கிட்டு அங்க போயி ஓட்டை போட்டிருக்கு.

மறுநாளு விரலெல்லாம் எறும்பு ஊருத மாதிரி வந்துச்சு, வாயைச் சுத்தி மரத்துப் போச்சு. பயந்துட்டேன். "உங்க எலும்பு பசியில கிடந்துச்சு, இப்ப ரத்தத்துல இருக்க கால்சியத்தை எல்லாம் இழுக்குது"ன்னு நர்சம்மா சொன்னாவ. ஒரு வாரம் டிரிப்ஸ்ல கால்சியம் ஏத்தினாவ. நீங்க நிறுத்தச் சொன்ன மாத்திரையை இப்ப வேளைக்கு மூணு போடச் சொல்லுதாவ. இந்த வேடிக்கையை என்ன சொல்ல?

அண்ணன் நாள் பூரா ஆஸ்பத்திரி பெஞ்சுலயே இருந்துச்சு. மதுரை டாக்டர் அதைக் கூப்பிட்டு, "அந்த மேடம் சொல்லலன்னா தப்பான இடத்துல கத்தி வச்சிருப்போம்"னு சொல்லியிருக்கார். அண்ணன் என்கிட்ட வந்து, "அவ எப்படிட்டி கண்டுபிடிச்சா?"ன்னு கேட்டுச்சு. நேர்ல வந்து உங்ககிட்டயே கேக்கணும்னு சொல்லுது. வரலாமா?

இன்னொரு கேள்வி. இது எனக்கு. ரத்தத்துல கால்சியம் ஏறுனா மனுசருக்குக் கோவம் வரும், குணம் மாறும்னு ஆஸ்பத்திரியில சொன்னாவ. இப்ப மனசு லேசா இருக்கது நிசந்தான். அப்ப கோர்ட்டுல அன்னைக்கு நான் பேசினது? அதுவும் இந்த மொச்சைக்கொட்டை வேலையா இருக்குமா?

பொன்மணி


ராஜபாளையம்
28.7.2024

பொன்மணிக்கு,

நீ வீடு வந்து சேர்ந்ததில் மனசு நிறைந்திருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் போடு. காலை அதன்போக்கில் விடு. அந்த ஓட்டை தானாக மூடும், மாதக்கணக்கில் ஆகும்.

உன் கேள்வியை நானும் யோசித்தேன். நீ எழுதுவதற்கு முன்னாலேயே யோசித்தேன். கால்சியம் கூடினால் எரிச்சல் வரும், மனசு சோர்ந்து போகும், எல்லாம் உண்மைதான். ஆனால் நீ கூண்டில் ஏறி மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்கு உன் ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை. எடுக்காத ரத்தத்துக்கு நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ உன் அண்ணனுக்காகப் பேசினாய். எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேனோ என்னவோ. இது எனக்கு இப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

அவரை வர வேண்டாம் என்று சொல். கோபத்தில் சொல்லவில்லை. பதினோரு வருடம் அவருக்கு விளக்கிக்கொண்டே இருந்தேன், ஏன் லேபை மூட மாட்டேன் என்று, ஏன் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறேன் என்று. இன்னொரு தடவை விளக்க என்னிடம் தெம்பு இல்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது இப்போது உனக்குத் தெரியும். நீயே சொல். நல்லபடியாக இருக்கச் சொல்.

நீ வந்தால் வா.

வெங்கடேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.1.2025

மதினி,

நேத்து மதுரையில எக்ஸ்ரே எடுத்தாச்சு. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக் காட்டினார் டாக்டர். ஜூன்ல கறுப்பா ஓட்டை. இப்ப வெள்ளை. புது எலும்பாம். நான் ஒண்ணொண்ணா கேள்வி கேக்கவும், "பொன்மணி, நீங்க பேசாம எங்க மெடிக்கல் காலேஜுல சேந்துருங்க"ன்னார். இந்தத் தடவை பின்னால நின்ன கூட்டத்தைப் பத்தி நான் கவலைப்படல.

கோர்ட்டு டூட்டிக்குப் போக ஆரம்பிச்சிட்டேன். பகல் பூரா நிக்கேன், தூக்கம் வரல. அண்ணன்கிட்ட நீங்க சொன்னதைச் சொல்லிட்டேன். "சரிதான்"னுச்சு. என்னை அடிக்கடி மதுரைக்குக் கூட்டிட்டுப் போகுதது அதுதான்.

ஞாயித்துக்கிழமை வாரேன். காலையில பத்து மணி பஸ். என் ஸ்லைடைத் தூரப் போட்டுட்டீங்களா, இருக்கா? இருந்தா ஒருக்கா என் கண்ணால பாக்கணும். உங்க நம்பர்லருந்து பிளாக்கை எடுத்துட்டேன். ஆனா எழுதிப் பழகிப் போச்சு.

பொன்மணி


ராஜபாளையம்
30.1.2025

பொன்மணி,

ஞாயிற்றுக்கிழமை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ஸ்லைடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாய். பிறகு "இதுல எது நான்?" என்று கேட்டாயே. பெரிய செல்லா, ஒல்லிச் செல்லா, ரத்தமா என்று. எல்லாமே நீதான் என்று சொல்லி வைத்தேன். இத்தனை காலம் ஸ்லைடு பார்த்திருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. நீ போன பிறகும் அது போகவில்லை.

நேற்று ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டேன். பேர் ஜெபா. காலேஜில் இரண்டாம் வருடம். தொடை எலும்பில், முட்டிக்குச் சற்று மேலே வீக்கம், இரண்டு மாதமாக ராத்திரி வலி. ஸ்மியர் உன்னுடையது மாதிரி இல்லை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத பெரிய, கறுத்த உட்கருக்கள். இடையில் இளஞ்சிவப்பாக, எலும்பாக மாறத் தொடங்கிய ஒன்று. உன் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இருந்தது. இது எலும்புப் புற்று, இதில் குழப்பம் இல்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டை எழுதி, கவரில் போட்டு, மாரிசெல்வத்திடம் கொடுப்பதுதான் வழக்கம். நேற்று கவரைக் கையில் வைத்துக்கொண்டு நானே வெளியே போனேன். பெஞ்சில் அவளும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பார்த்தேன் என்று சொன்னேன். மதுரையில் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து உறுதி செய்வார்கள் என்று சொன்னேன். பெரும்பாலும் முதலில் மருந்து கொடுத்து, பிறகு ஆபரேஷன் செய்வார்கள், இப்போதெல்லாம் காலைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள், சீக்கிரம் போவதுதான் முக்கியம் என்று சொன்னேன். அம்மா அழுதார்கள். அந்தப் பெண் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது கேட்கணுமா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அவர்கள் ஊர் செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில். அப்பா காட்டிலாகாவில் வாட்சராக இருந்து இறந்துவிட்டார். அம்மா மதுரைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. திங்கட்கிழமை போகச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன். "போலீஸா?" என்று கேட்டு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். சரி என்றாள்.

காலை ஆறரைக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் நிற்கிற இடத்தில் இருப்பார்கள். அவள் பச்சைச் சுடிதார் போட்டு, கம்பு ஊன்றி வருவாள். உனக்கு லீவு கிடைத்தால் கூடப் போவாயா?

அவளுக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை, பொன்மணி. உனக்குத் தெரியும்.

மதினி